முதுகுக்கு நாலு மார்க்

தென்காசியில் என் மெத்தைக் கடைப் பலகையில் ‘முதுகுவலிக்கு நிரந்தரத் தீர்வு’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். எழுதச் சொன்னது நான்தான். தீர்ந்துவிட்டது என்று இதுவரை ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லை. தீரவில்லை என்று வந்தவர்களுக்கு இன்னொரு மெத்தை விற்றிருக்கிறேன். அப்படிப்பட்டவனை முதுகு ஆப்பரேஷனுக்குத் துணையாக அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார்கள் என்றால், அந்தக் குடும்பத்தில் வேறு ஆள் அகப்படவில்லை என்று அர்த்தம்.

உண்மையும் அதுதான். கூப்பிட்டது என் நூர்ஜஹான் லாத்தா. எங்கள் ஆட்களில் அக்காவை லாத்தா என்போம். அவள் புருஷன் சாகுல் ஹமீது மச்சான் ஹூஸ்டனில் ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். முதுகு அவருடையது. ஒரே மகள் ஜெர்சி சிட்டியில் அப்போதுதான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். “மைதீனு, இவுகளை ஒத்தையில என்னால சமாளிக்க முடியாதுல. நீ வந்துரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாட்டாலும் பரவால்ல, பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டிரு” என்றாள். தகுதி பார்த்துக் கொடுத்த வேலை.

வெறுங்கையோடு போகக்கூடாதே என்று கடையில் இருந்ததிலேயே நல்ல இலவம்பஞ்சில் ஒரு இடுப்புத் தலையணை தைத்து எடுத்துப் போனேன். ஹூஸ்டன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, பிறந்த குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

“என்ன இது?”

“தலையணை.”

“இந்த நாட்டிலும் தலையணை கிடைக்கும், தெரியுமா?”

“இது மருத்துவத் தலையணை” என்றேன், கடையில் சொல்கிற பழக்கத்தில். மருத்துவம் என்றதும் இன்னும் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மூவரும் மாற்றி மாற்றி அழுத்தினார்கள், மோந்து பார்த்தார்கள், எக்ஸ்ரேயில் விட்டார்கள். மச்சானின் முதுகுக்குச் சமமாக என் தலையணைக்கும் ஹூஸ்டனில் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது.

வெளியே லாத்தா காரோடு நின்றாள். மச்சான் முன்சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுத்திருந்தார். சலாம் சொல்லித் தலையணையைக் கொடுத்தேன். இடுப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தார்.

“மூணு” என்றார்.

“என்ன மூணு, மச்சான்?”

“பத்துக்கு மூணு மார்க். தச்ச நூலுக்கு ஒண்ணு, தூக்கிக்கிட்டு வந்ததுக்கு ரெண்டு.”

மச்சானைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா போவதற்கு முன் அவர் திருநெல்வேலியில் விரிவுரையாளர். விடைத்தாள் திருத்தும் முகாமில் தங்கள் கல்லூரிக் கட்டு மட்டும் இவர் மேஜைக்குப் போய்விடக்கூடாது என்று மற்ற ஆசிரியர்கள் நேர்ந்துகொள்வார்களாம். ஓரிரு மார்க்கில் நழுவும் பையனுக்குக் கருணை மதிப்பெண் போடலாமே என்று யாராவது கேட்டால், “கருணை அல்லாஹ்வோட டிபார்ட்மெண்ட். நம்மளோடது கணக்கு” என்பார். இந்த வழக்கம் வகுப்பறையோடு நிற்கவில்லை. சாப்பாடு, பேச்சு, மழை, மருமகன் எல்லாவற்றுக்கும் மார்க். லாத்தாவின் பிரியாணி அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இன்றுவரை ஆறைத் தாண்டியதில்லை. நாங்கள் எல்லாரும் அந்த பிரியாணியைச் சாப்பிட்டுத்தான் இப்படி இருக்கிறோம்.

ஹூஸ்டன் மேடு பள்ளம் இல்லாத ஊர். சப்பாத்திக் கட்டையால் தேய்த்துவிட்ட மாதிரி கிடக்கிறது. அதன்மேல் ஃப்ரீவே என்கிற பெருஞ்சாலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடியாப்பம் பிழிந்திருக்கிறார்கள். லாத்தா ஊரில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. இங்கே பஸ் அளவுக்கு இருக்கும் லாரிகளுக்கு நடுவில் ஒரு கையால் முக்காட்டைச் சரிசெய்தபடி போகிறாள். மச்சான் படுத்தவாக்கில் கூரையைப் பார்த்துக்கொண்டே, “இந்த லேன் மாத்தினதுக்கு அஞ்சு” என்றார்.

அவர் தூங்கியதும் லாத்தா அடுக்களையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் மச்சானுக்கு முதுகைத் திறந்து ஒரு ஆப்பரேஷன் நடந்தது. சாண் நீளத் தழும்பு. ஒட்டவைத்த எலும்பு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு மேலே உள்ள அடுக்கு, கீழே இருப்பது அசையாததால் எல்லாப் பாரத்தையும் தானே சுமந்து தேய்ந்துபோய்விட்டது. கால் நரம்பு நசுங்குகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்தவர் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் பலம் இல்லை. அடுத்த வீட்டு மெக்ஸிக்கோக்காரர் வந்து தூக்கி விட்டார். அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை.

“வலிக்குன்னு ஒரு நாளு சொன்னது கெடையாது. ஆனா தொழுது முடிச்சதும் அந்தத் தரையை ஒரு பார்வை பாப்பாக பாரு” என்றாள் லாத்தா. “இந்த டாக்டர் ஆப்பரேஷன் செஞ்சா மறுபடி தரையில தொழலாம்னு ஒரு நெனப்பு. வெளிய சொல்லமாட்டாக. நாளன்னைக்கு டாக்டர் முடிவு சொல்றாரு.”

மறுநாள் மச்சான் என்னை ஹில்கிராஃப்ட் சாலைக்கு நடக்கக் கூட்டிப் போனார். லாத்தா எங்களை இறக்கிவிட்டுத் தையல்காரியைப் பார்க்கப் போனாள். அந்தச் சாலையில் புடவைக்கடை, நகைக்கடை, ஹலால் கறிக்கடை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நான் ஏதோ பூங்காவில் நடக்கப்போகிறோம் என்று நினைத்தேன். அவர் நேராக ஒரு பெரிய மளிகைக் கடைக்குள் நுழைந்து, ஒரு தள்ளுவண்டியை எடுத்து, அதன் கைப்பிடியில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, முன்னால் குனிந்து நடக்க ஆரம்பித்தார். பருப்பு வரிசை, மசாலா வரிசை, ஊறுகாய் வரிசை, திரும்பப் பருப்பு. வண்டியில் ஒரு சாமானும் இல்லை. நான் பின்னால் ஓடினேன். அறுபது வயதுக்காரர், என்ன வேகம். கடைக்காரக் குஜராத்திப் பெரியவர், “வாங்க புரொஃபசர், இன்னைக்கும் வாக்கிங்கா?” என்று இங்கிலீஷில் கேட்டு வழிவிட்டார்.

அலுத்துப்போய் நான் ஒரு பாக்கெட் கருவாடு வாங்கினேன். மச்சான் வண்டியோடேயே கார் நிறுத்தும் இடத்துக்கு வந்துவிட்டார். லாத்தாவின் கார் கோடியில் நின்றது. அமெரிக்காவில் ஒழுங்கு முக்கியம் என்று நான் கேள்விப்பட்டவன். “நான் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன் மச்சான்” என்று அவர் கையிலிருந்து வண்டியை வாங்கி, கடை வாசலில் அடுக்கியிருந்த வண்டிகளோடு செருகி, அந்தச் செருகலின் அழகை ரசித்துவிட்டுத் திரும்பினேன்.

மச்சான் விட்ட இடத்திலேயே ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். ஊரைப் பார்த்து ரசிக்கிறார் போலும் என்று நானும் பக்கத்தில் போய் நின்று ரசித்தேன். எதிரே ஒரு டயர் கடை. அதை எவ்வளவு நேரம் ரசிக்க முடியும்?

“போவமா மச்சான்?”

“மாப்ளே” என்றார் மெதுவாக, “அந்த வண்டியைத் திரும்பக் கொண்டாறியா?”

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளைக் கோட்டுக்குக் கீழே மாட்டுக்காரர் பூட்ஸ். சுவரில் வரிசையாக முகங்கள் வரைந்திருந்தார்கள். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் அழுகிறது.

“பத்துக்கு எவ்வளவு வலி?” என்றார் டாக்டர்.

மச்சான் கண்ணாடியைச் சரிசெய்தார். “பத்து என்பதற்கு என்ன வரையறை?”

“நீங்கள் கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான வலி.”

மச்சான் நிஜமாகவே கற்பனை செய்தார். நெடுநேரம் செய்தார். லாத்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

“நாலு” என்றார்.

“எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது?”

“தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன்.”

டாக்டருக்கு ஆச்சரியம். ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி மறுபடி பார்த்தார். “படம் மோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் படத்துக்கு ஆப்பரேஷன் செய்வதில்லை, மனிதருக்குத்தான் செய்கிறேன். ஏற்கெனவே கத்தி பட்ட முதுகு. நாலு மார்க் வலி, தினம் ஒரு மணி நேர நடை. இன்னும் கொஞ்ச காலம் பயிற்சியிலேயே ஓட்டலாம். பிறகு பார்ப்போம்.”

மச்சான் தலையாட்டினார். அவர் கண் தரையில் இருந்தது. லாத்தா என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் பதிந்தது. மச்சான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதி, அடிக்கோடிட்டு, தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

என் வேலை சிரித்துக்கொண்டு நிற்பது. ஆனால் எனக்கு வாய் நிற்காது. “டாக்டர், நடக்கிறது உண்மை. ஆனால் வண்டி வேண்டும்” என்றேன் என் இங்கிலீஷில்.

“என்ன வண்டி?”

“மளிகைக் கடை வண்டி. காலி வண்டி. அதைத் தள்ளினால் குதிரை. நான் வண்டியைப் பிடுங்கிவிட்டேன், விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துவிட்டார். நான் டயர் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.”

மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் பூஜ்யம் இருந்தது. டாக்டரோ பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். “இப்படியா?” என்று முழங்கையை ஊன்றி முன்னால் குனிந்து அறைக்குள் இரண்டு எட்டு நடந்தார். பூட்ஸைத் தவிர அச்சாக மச்சானே.

முன்னால் குனிந்தால் நரம்பு போகும் வழி கொஞ்சம் அகலுமாம், நிமிர்ந்தால் நெருங்குமாம். இந்த வியாதிக்காரர்கள் ஊரெங்கும் கடை வண்டியைத்தான் தேடுவார்களாம். “இதை ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார்.

“நீங்கள் கேட்கவில்லை” என்றார் மச்சான்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். “புரொஃபசர், உங்கள் மாணவனுக்குப் பத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?”

“ஏழரை. அந்தப் பையன் இப்போது விண்வெளி மையத்தில் ராக்கெட் கணக்குப் போடுகிறான்.”

“சிறுநீரகக் கல் வந்ததாக உங்கள் பழைய குறிப்பில் இருக்கிறதே. அதற்கு எவ்வளவு?”

“ஐந்து.”

டாக்டர் மெல்ல விசிலடித்தார். மச்சானைத் தாழ்வாரத்தில் எதையும் பிடிக்காமல் நடக்கச் சொன்னார். இரண்டாவது கதவை எட்டுவதற்குள் இடதுகால் மடங்கியது. சுவரில் கை ஊன்றி நின்றவரின் முழங்காலை டாக்டர் கையால் அழுத்திப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

“செய்துவிடலாம்” என்றார். “இனிமேல் நீங்கள் எது சொன்னாலும் நான் நாலு கூட்டிக்கொள்வேன்.”

“அது முறைகேடு” என்றார் மச்சான்.

“இந்தக் கட்டடத்தில் நான்தான் எக்ஸாமினர்.”

பிறகு ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்து வைத்து விளக்கினார். “எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மெத்தை இருக்கிறது” என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல்தடவையாக ஒரு டாக்டர் என் பாஷையில் பேசுகிறார். “தேய்ந்த மெத்தைக்குப் பதில் புதுசு போடுவீர்களா?” என்று கேட்டேன். இல்லையாம். மெத்தையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னக் கூண்டு வைத்து, அதில் எலும்புத் தூளை நிரப்பி, இரண்டு எலும்பையும் நாளடைவில் ஒன்றாக ஒட்டவைப்பார்களாம். மெத்தைக்காரன் முன்னால் பேசுகிற பேச்சா இது.

ஆனால் அதைச் செய்யும் வித்தை எனக்குப் பிடித்திருந்தது. பழைய தழும்பைத் தொடமாட்டார்களாம். முன்வாசலில் பழைய பூட்டு துருப்பிடித்துக் கிடந்தால் பக்கத்துச் சந்து வழியாக நுழைகிற மாதிரி, விலாவுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. அதில் பென்சில் பருமனுக்கு ஒரு குழாய், அதன்மேல் அதைவிடப் பெரிய குழாய், அதன்மேல் இன்னொன்று. தசையை வெட்டாமல் விலக்கிக்கொண்டே போவார்கள். காலில் ஒயர் ஒட்டியிருக்கும். கருவி நரம்புக்குக் கிட்டே போனால் மெஷின் கத்தும். முதுகில் பொட்டுப் பொட்டாகத் துளை போட்டு, எக்ஸ்ரேயில் பார்த்தபடி திருகாணிகளை இறக்குவார்கள். முன்பெல்லாம் இந்தச் சின்னத் துளை வேலை லேசான கேஸுக்கு மட்டும்தான், இப்போது கத்தி பட்ட முதுகுக்கும் வளைந்த முதுகுக்கும் துணிந்து செய்கிறோம் என்றார். பக்கவாட்டில் போவதால் தொடை சில வாரம் எரியும், மரத்துப்போகும் என்பதையும் மறைக்கவில்லை.

லாத்தா கடைசியில்தான் வாயைத் திறந்தாள். “தரையில் தொழ முடியுமா?”

“எலும்பு ஒட்டவேண்டும். கால் பலம் திரும்பவேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். வாக்குக் கொடுக்கமாட்டேன்” என்றார் டாக்டர்.

“இந்த பதிலுக்கு ஏழு” என்றார் மச்சான். எனக்கே பொறாமையாக இருந்தது.

ஆப்பரேஷன் அன்று எங்கள் கையில் ஒரு கறுப்புப் பில்லையைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். இங்கே ஹோட்டல்களில் காத்திருப்பவர் கையில் கொடுப்பார்கள், மேஜை காலியானால் துடிக்கும், அதே சாமான். டாக்டர் கூப்பிட்டால் துடிக்குமாம். பழக்கதோஷம், கையில் வாங்கியதும் எனக்குப் பசித்தது. பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டு அம்மாள். அவள் புருஷனுக்கும் உள்ளே முதுகு. பெரிய டப்பாவிலிருந்து பீக்கன் கொட்டை போட்ட இனிப்பு ரொட்டியை எடுத்து நீட்டினாள். “என் வீட்டுக்காரர் கட்டைவிரலில் முள் குத்தினாலே பத்துக்குப் பதினொன்று என்பார்” என்றாள்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த லாத்தா நிறுத்தாமலே, “ஒரு வாரத்துக்கு மாத்திக்கலாமான்னு கேளு” என்றாள்.

பில்லை துடித்தபோது அது என் காப்பிக் கோப்பைமேல் இருந்தது. காப்பி என் சட்டைமேல் வந்தது. கறையோடு ஓடினோம். நல்லபடியாக முடிந்தது, மெஷின் ஒருதடவைகூடக் கத்தவில்லை என்றார் டாக்டர். லாத்தா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அறையில் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் கோட்டயத்துக்காரி. ஹூஸ்டன் ஆஸ்பத்திரிகளில் தும்மினால் கோட்டயம் திரும்பிப் பார்க்கும். கிண்ணத்தில் சிவப்பாக ஆடும் ஜெல்லியைக் கொண்டுவந்து வைத்தாள். இது எந்த மிருகத்திலிருந்து எடுத்தது, ஹலாலா என்று மச்சான் அரைமயக்கத்திலும் கேட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு அதை எடுத்துப்போய் ஆப்பிள் கூழ் கொண்டுவந்தாள். பிறகு வலிக்கு எத்தனை என்று கேட்டாள்.

“மூணு” என்றார் மச்சான்.

சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையை அவள் பார்த்தாள். டாக்டர் தன் கையாலேயே ‘நோயாளி சொல்வதோடு நாலு கூட்டவும்’ என்று எழுதியிருந்தார். “ஏழு” என்று குறித்துக்கொண்டு மாத்திரையை எடுத்தாள்.

“நான் போட்ட மார்க்கைத் திருத்த நீ யாரும்மா?”

“ரீவேல்யுவேஷன் சாரே” என்றாள் அவள்.

மச்சான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேல்முறையீட்டுக்குக் கட்டுப்பட்டு மாத்திரையை விழுங்கினார்.

அன்று சாயங்காலமே எழுப்பி நிறுத்தினார்கள். நாலு கால் கைத்தாங்கியைக் கொடுத்தார்கள். எழுந்ததும் இடதுகால் நடுங்கியது. தொடை எரிவதாகச் சொன்னார், மார்க் எதுவும் சொல்லாமல். அரையடி, இன்னொரு அரையடி. கதவுவரை போய் நின்றார்.

“மாப்ளே, நேரா நிக்கேனா?”

நான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். வந்த நாளிலிருந்து அவருக்கு மேலாக நின்று பேசிக்கொண்டிருந்தவன், இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. மச்சான் என்னைவிட உயரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

“நேராத்தான் நிக்கீங்க. எனக்குத்தான் கழுத்து வலிக்கு” என்றேன்.

அதன்பின் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குனியாதே, திரும்பாதே, தூக்காதே என்று மூன்று கட்டளை. நான் அவருக்குக் காலுறை மாட்டுவதும், கீழே விழுந்த பேனாவை எடுத்துக் கொடுப்பதுமாக இருந்தேன். பேனாவை வேண்டுமென்றேதான் போடுகிறார் என்று எனக்கு இன்றும் சந்தேகம். தொழுகை நாற்காலியில்தான். முடித்ததும் தரையைப் பார்க்கும் அந்தப் பார்வையை நானும் பார்த்தேன். அதற்குச் சொல்ல என்னிடம் நகைச்சுவை ஒன்றும் இல்லை.

நான் கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்கு மச்சானும் வந்தார். காரிலிருந்து இறங்கி, எதையும் பிடிக்காமல், மெதுவாகத்தான், ஆனால் நிமிர்ந்து நடந்தார். நான் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

“மாப்ளே, வண்டியில ரொம்பச் சாயாதே” என்றார் திரும்பாமல். “டாக்டர்கிட்ட காட்டணும் போலிருக்கு.”

“அதிருக்கட்டும் மச்சான், இத்தனை நாள் நான் பார்த்த ஊழியத்துக்கு எத்தனை மார்க்?”

யோசித்தார். “நாலு.”

என் முகம் போன போக்கைப் பார்த்து லாத்தா தோளில் தட்டினாள். “அவுக நாலுன்னா எட்டுல. கூட்டிக்கோ.”

அந்த வருஷம் நோன்புப் பெருநாள் சாயங்காலம் கடையில் இருக்கும்போது ஃபோன் வந்தது, அங்கே அப்போதுதான் காலை. வாழ்த்துச் சொல்லி, பிள்ளைகளை விசாரித்து, கடையில் வியாபாரம் எப்படி என்று கேட்டார் மச்சான். அவர் வியாபாரத்தை விசாரிக்கிறவர் இல்லை. நான் காத்திருந்தேன்.

“டாக்டர் குனியலாம்னு சொல்லிட்டார். இன்னைக்கு விடியக்காலை சுபுஹு தொழுகையை வீட்டுல தரையில தொழுதேன்” என்றார்.

“எத்தனை மார்க், மச்சான்?” என்றேன்.

அந்தப் பக்கம் அவர் வாய்க்குள்ளேயே ஏதோ கூட்டிக் கழிப்பது கேட்டது.

“ஒன்பதரை.”

மச்சான் வாயிலிருந்து ஒன்பதரை. கடைப்பையன்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்திருக்கிறேன். “அந்த அரை எங்க போச்சு?”

“எந்திரிக்கையில ஒன் லாத்தா கையைக் கொடுத்தா. பக்கத்துல உதவி வாங்கினா குறைக்கணும்ல.”

பின்னாலிருந்து லாத்தாவின் குரல் கேட்டது. “நான் ஒண்ணும் கொடுக்கலல, மைதீனு. அவுகதான் கையை நீட்டினாக.”